98 சதவீதம் சரி, எதில் 98?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது. பி.எஸ்சி. வேதியியல் முடித்து, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) லேபில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. 98% சல்ஃபியூரிக் ஆசிட் பாட்டிலைக் கையில் கொடுத்து, 0.1 நார்மல் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சீனியர் 2.7 மில்லி போதும் என்கிறார், உங்கள் கணக்கில் 5 வருகிறது. யார் சரி என்பது முதல் கேள்வி. தோலைப் போட்டு உருட்டும் டிரம் பக்கம் போனால் மேஸ்திரி “ஒரு பர்சென்ட் ஆசிட்” என்கிறார், கல்லூரியில் படித்த பர்சென்ட்டோடு அது ஒத்துவரவில்லை என்பது இரண்டாவது. “போமே ஆறு காட்டினாத்தான் ஆசிட் விடணும்” என்கிறார்களே, அந்த ஆறு எதன் ஆறு என்பது மூன்றாவது.

பார்க்க மூன்று கேள்வி. அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு எண்ணைச் சொன்னால், அது எதில் எதன் அளவு, எடையா கொள்ளளவா? இதைக் கேட்காமல் பேனாவை எடுப்பதால்தான் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் விடை தப்புகிறது. நான் இருபத்தாறு வருடம் டேனரி லேபில் இருந்தவன். ராணிப்பேட்டையில் தொடங்கி, பேரணாம்பட்டில் முடித்துவிட்டு இப்போது வேலூரில் ஓய்வாக இருக்கிறேன். என் கை பழகியது வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும். மாட்டுத்தோல் ஆட்கள் சில அளவுகளை வேறாகச் சொல்வார்கள், அதில் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். கணக்கு எந்தத் தோலுக்கும் ஒன்றுதான்.

முதல் பஞ்சாயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சீனியர் சொன்னது சரி. நீங்கள் போட்டதும் தப்பில்லை, பாதி வழியில் நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சல்ஃபியூரிக் ஆசிட்டின் மூலக்கூறு எடை 98.08. கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் இரண்டு, ஆகவே சமான எடை, அதாவது ஒரு ஹைட்ரஜனுக்கு விழும் எடை, 49.04. லிட்டருக்கு அத்தனை கிராம் இருந்தால் 1 நார்மல். ஒரு லிட்டர் 0.1 நார்மலுக்கு வேண்டிய சுத்தமான அமிலம் 4.904 கிராம். பாட்டிலில் இருப்பதோ 100 கிராமுக்கு 98 கிராம் அமிலம்தான், ஆகவே 4.904-ஐ 0.98-ஆல் வகுத்தால் 5.004 கிராம். உங்கள் 5 இங்கே வந்துவிட்டது. ஆனால் அது கிராம். தராசில் நிறுத்துப் போடுவதென்றால் அதுவே விடை. அளந்து ஊற்றுவதென்றால் இன்னும் ஒரு படி பாக்கி. இந்த ஆசிட்டின் அடர்த்தி மில்லிக்கு 1.84 கிராம், 5.004-ஐ 1.84-ஆல் வகுத்தால் 2.72 மில்லி. சீனியரின் 2.7 இதுதான்.

ஆனால் நீங்கள் வெறும் 5 என்று எழுதியிருக்கிறீர்கள், தசமம் இல்லை. அந்த ஒரு இலக்கம் இருந்திருந்தால் நோய் எதுவென்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். 5.0 என்றால் அடர்த்தியை மறந்திருக்கிறீர்கள். 5.4 என்றால் அடர்த்தியெல்லாம் சரியாகப் போட்டு, நார்மலுக்குப் பதில் மோலாருக்குக் (லிட்டருக்கு முழு மூலக்கூறு எடை கிராம் இருந்தால் 1 மோலார்) கணக்குப் போட்டிருக்கிறீர்கள்: 9.808 கிராம், அதை 0.98-ஆல் வகுத்து, மீண்டும் 1.84-ஆல் வகுத்தால் 5.44 மில்லி. இரண்டும் வேறு வேறு தப்பு, விடை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். போதாக்குறைக்கு இந்த ஆசிட்டில் மூலக்கூறு எடையும் 98, பாட்டில் சதவீதமும் 98. எந்த 98 எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒன்றையொன்று அடித்துவிட்டு, தற்செயலாகச் சரியான விடைக்கு வந்து சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் ஹைட்ரோகுளோரிக்கைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வார்கள்.

நம் பாடப்புத்தகத் தமிழும் இந்த இடத்தில் கொஞ்சம் காலை வாருகிறது. கான்சன்ட்ரேட்டட் ஆசிட்டை ‘அடர் அமிலம்’ என்று படித்தோம், டென்சிட்டியை ‘அடர்த்தி’ என்று படித்தோம். இரண்டும் ஒரே வேர் என்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஒரு மில்லி எவ்வளவு கனம் என்பது அடர்த்தி. அந்தக் கனத்துக்குள் வேண்டிய சரக்கு எவ்வளவு என்பது செறிவு. எண்ணெய் நீரில் மிதப்பது அடர்த்தி சமாசாரம், ரசத்தில் உப்பு கரிப்பது செறிவு சமாசாரம்.

தினம் இதே வேலை என்றால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்க வேண்டாம். பாட்டிலின் சொந்த நார்மாலிட்டியை ஒருமுறை கண்டுபிடித்து அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் ஆசிட்டின் எடை 1840 கிராம், அதில் 98% என்றால் 1803 கிராம், 49.04-ஆல் வகுத்தால் 36.8 நார்மல். இனி பிளஸ் டூவில் நெட்டுருப் போட்ட வி1 என்1 = வி2 என்2 (வி கொள்ளளவு, என் நார்மாலிட்டி) போதும்: 1000 × 0.1 ÷ 36.8 = 2.72. ஹைட்ரோகுளோரிக் 35%, அடர்த்தி 1.18 என்று லேபிள் இருந்தால் 11.3 நார்மல். ஃபார்மிக் 85%, அடர்த்தி 1.19 என்றால் 22 நார்மல். லேபிளில் வேறு எண் இருந்தால் விடையும் மாறும். பாட்டில் மாறும்போது கதவில் ஒட்டிய சீட்டும் மாற வேண்டும்.

இதுவரை சொன்னது கூட்டல் பெருக்கல், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் இனிமேல்தான். 2.72 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் கிடைப்பது ‘கிட்டத்தட்ட’ 0.1 நார்மல். 0.1000 என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. லேபிளில் இருக்கும் 98 ஆலையை விட்டுப் புறப்பட்ட அன்றைய 98. திறந்து மூடித் திறந்து மூடி, காற்றின் ஈரத்தை அந்த ஆசிட் குடித்துக்கொண்டே இருக்கும். அதுவும் போக, 10 மில்லி அளவுசாடியில் 2.72-ஐ எப்படிப் பார்ப்பீர்கள்? கண் 0.1 மில்லி ஏமாந்தாலே 4% போயிற்று. ஆகவே எந்தக் கணக்கு போட்டாலும் கடைசி வார்த்தை பியூரெட்டுடையது, சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயுடையது.

சோடியம் கார்பனேட்டை நன்றாகச் சூடாக்கி ஈரம் போக்கி, ஈரம் புகாத டெசிக்கேட்டரில் ஆற வைத்து, 5.300 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் அது நம்பகமான 0.1 நார்மல். அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டு, நிறம் மாறி முடிவைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு, பியூரெட்டில் உங்கள் ஆசிட். தரம் பார்ப்பது என்பது இதுதான். 19.4 மில்லியில் நிறம் திரும்புகிறது என்று வையுங்கள். 20 × 0.1 ÷ 19.4 = 0.1031. உங்கள் கரைசல் 0.1031 நார்மல். இது தோல்வி இல்லை. அதை அப்படியே சீட்டில் எழுதிக் கணக்கில் 0.1031 என்று போட்டாலும் சரி. சரியாக 0.1 தான் வேண்டும் என்றால் 970 மில்லி எடுத்து அதில் நீர் விட்டு 1000-க்குக் கொண்டுவாருங்கள், 970 × 0.1031 நூறுக்கு வந்து நிற்கும். இதனால்தான் பழைய ஆட்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக, 2.8 அல்லது 3 மில்லி எடுப்பார்கள். செறிவு கூடினால் நீர் விட்டு இறக்கலாம், குறைந்துவிட்டால் மறுபடி ஆசிட் பாட்டிலைத் திறக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இது இன்னும் பொருந்தும். அதன் குருணைகள் தராசுத் தட்டிலேயே ஈரத்தை இழுத்து வியர்க்கும், காற்றின் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். 4 கிராம் நிறுத்தேன், 0.1 நார்மல் என்று சொல்பவர் பேச்சை நம்பாதீர்கள். ஆக்சாலிக் ஆசிட் படிகம் (நீரேறியது) 6.303 கிராம் ஒரு லிட்டரில் கரைத்து, அதை வைத்துத் தரம் பார்த்த பிறகு நம்புங்கள்.

கையாளும் முறையில் மூன்று சொல்ல வேண்டும். நீரில்தான் ஆசிட், ஆசிட்டில் நீர் ஒருபோதும் இல்லை. இது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் தெரிந்தவர்கள்தான் அவசரத்தில் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், ரப்பர் பல்பு இல்லையென்றால் வாங்கித் தரும்வரை வேலையை நிறுத்துங்கள். மூன்றாவது, ஒரு லிட்டர் நீரை அளந்து அதில் 2.72 மில்லி விடுவது முறையில்லை. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் முக்கால் பாகம் நீர், அதில் ஆசிட், சூடு ஆறிய பிறகு கோடுவரை நீர். நீர்த்த கரைசலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம்தான். ஸ்பிரிட்டில் செய்து பாருங்கள், 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி நீரும் சேர்ந்தால் 100 வராது, 96-97 தான் வரும். கொள்ளளவைக் கூட்டக் கூடாது, எடையைத்தான் கூட்டலாம்.

சூடு ஆறிய பிறகு என்றேன். நம்மூரில் அதுவே பெரிய கேள்வி. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். ஃபிளாஸ்க்கின் கழுத்தில் 27° அல்லது 20° என்று பொறித்திருக்கும், அந்தச் சூட்டில்தான் அந்தக் கோடு ஒரு லிட்டர். மே மாதம் ஏசி இல்லாத லேபில் கரைசல் 40 டிகிரியில் இருந்தால், 27-ல் இருந்ததைவிட நீர் ஏறக்குறைய 0.4% விரிந்திருக்கும். 0.1031 அப்போது 0.1027 ஆகிறது. டிரம் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான்காவது தசமம் வரை எழுதிக் கையெழுத்துப் போடும்போது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இப்போது மேஸ்திரியின் பர்சென்ட். உலகத்தில் பர்சென்ட் ஒன்றில்லை. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் கையில் டிரிப் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த சலைன் 0.9%, அதாவது 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு, லிட்டருக்கு 9 கிராம். அது எடைக்குக் கொள்ளளவு. உங்கள் ஆசிட் பாட்டிலின் 98% எடைக்கு எடை. சானிடைசரின் 70% எத்தனால் பெரும்பாலும் கொள்ளளவுக்குக் கொள்ளளவு. மூன்றும் கரைசலைப் பார்த்துச் சொல்லும் பர்சென்ட். மேஸ்திரி கரைசலையே பார்ப்பதில்லை, தோலைப் பார்க்கிறார். சுண்ணாம்பு ஏறி, சதை வழித்த பிறகு எடுக்கும் எடைதான் அவருக்கு நூறு. பெல்ட் வெயிட் என்று காதில் விழுந்திருக்கும். பிக்கிளுக்கு, அதாவது குரோம் ஏற்றும் முன் தோலை உப்பு நீரிலும் ஆசிட்டிலும் ஓட்டுவதற்கு, நீர் 80%, உப்பு 10%, ஆசிட் 1% என்றால் எல்லாமே அந்தத் தோல் எடையில். ஆம்பூர் பிரியாணி மாஸ்டரிடம் உப்பு எவ்வளவு என்று கேளுங்கள், ஒரு கிலோ அரிசிக்கு இவ்வளவு என்பார், உலைநீரில் எத்தனை சதவீதம் என்று சொல்ல மாட்டார். அவருக்கு அரிசி, நமக்குத் தோல்.

ஆக 1000 கிலோ தோல் என்றால் நீர் 800 லிட்டர், உப்பு 100 கிலோ, ஆசிட் 10 கிலோ. கிலோ என்பதை அழுத்திச் சொல்கிறேன், அளந்தால் அது 5.4 லிட்டர்தான். இதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், ஒரு டேனரியில் 1200 கிலோ வெள்ளாட்டுத் தோலுக்குச் சீட்டு எழுதினேன்: ‘ஆசிட் 12, மூன்று தவணை’. அவ்வளவுதான் எழுதினேன், பக்கத்தில் கிலோ என்று போடவில்லை. டிரம் ஆள் லிட்டர் கேனால் தவணைக்கு நாலு நாலாக அளந்தார். அவர் மேல் தப்பே இல்லை, அவர் கையில் இருந்தது கேன். இரண்டாவது தவணை போய் அரை மணி கழித்துத் தோல் ஓரத்தை வெட்டி, ஆசிட் ஏறிய இடத்தில் மஞ்சளாகும் புரோமோகிரெசால் கிரீன் ஒரு சொட்டு விட்டேன். உள்வரைக்கும் மஞ்சள். மூன்றாவது தவணைக்குப் பிறகுதான் அப்படி ஆக வேண்டும். 8 லிட்டர் என்பது 14.7 கிலோ என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது, மொத்தமே 12 தான் போயிருக்க வேண்டும். மூன்றாவது கேனை ஓடிப்போய் நிறுத்தி, ஆசிட்டைத் தணிக்கும் சோடியம் ஃபார்மேட் போட்டு மெல்ல மெல்லத் தூக்கினோம். தோல் பிழைத்தது, மேல்பரப்பு மட்டும் கொஞ்சம் தளர்ந்து தரம் ஒரு படி இறங்கியது. அன்றிலிருந்து அலகு எழுதாத எண்ணை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

“ஒண்ணுக்குப் பத்து கலக்கி விடு” என்று டிரம் பக்கம் சொல்வதும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒரு பங்கு ஆசிட்டோடு பத்துப் பங்கு நீரா, மொத்தம் பத்துப் பங்கா? டேனரியில் முதலாவதுதான் வழக்கம். ஆனால் டிரம்முக்கு எப்படி எடுத்தாலும் குடி முழுகிவிடாது. எவ்வளவு ஆசிட் போக வேண்டும் என்பதைத் தோல் எடை முடிவு செய்துவிட்டது. நீர் கலப்பது, அடர் ஆசிட் தோலில் ஒரே இடத்தில் விழுந்து சுடாமல் இருக்கத்தான். அதே ‘ஒண்ணுக்குப் பத்து’ லேபில் ஒரு ஸ்டாண்டர்டை நீர்க்கச் செய்யும்போது வந்தால், 10 மடங்கா 11 மடங்கா என்று கேட்டே ஆக வேண்டும், வித்தியாசம் 10%.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது. போமே என்பது அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநரின் பெயர், 1768-ல் வந்த, திரவத்தின் அடர்த்தி பார்க்கும் அளவுகோல். அவர் செய்தது எளிய வேலை. மிதவைக் கண்ணாடியைச் சுத்த நீரில் மிதக்கவிட்டு அந்தக் கோட்டுக்கு 0 என்றார், எடையில் 15% உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு அந்தக் கோட்டுக்கு 15 என்றார், இடையைச் சமமாகப் பிரித்தார். ஆகவே உப்புக் கரைசலில் போமே டிகிரி ஏறக்குறைய உப்பின் எடைச் சதவீதமேதான். ஆறு போமே, சுமார் 6% உப்பு. அடர்த்தி வேண்டுமென்றால் 145-ஐ, 145-லிருந்து போமேயைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும்: 145 ÷ 139 = 1.043. புத்தகத்தில் 6% உப்புக் கரைசலின் அடர்த்தியும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

ஏன் ஆறு வேண்டும்? உப்பு போதாத நீரில் ஆசிட் பட்டால் தோல் நீரைக் குடித்து உப்பிவிடும், நார் சிதைந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. உப்பு அதைக் கட்டிப்போடுகிறது. 800 லிட்டர் நீரில் 100 கிலோ உப்பு போட்டால் கணக்குப்படி 100-ஐ 900-ஆல் வகுத்து 11% வர வேண்டும், டிரம் ஓடிய பிறகு 6 தானே காட்டுகிறது, உப்புக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். தோலுக்குள் இருக்கும் நீரை மறந்துவிட்டோம். 1000 கிலோ ஈரத் தோலில் முக்கால் பங்கு நீர் என்று வைத்தால் 750 லிட்டர் உள்ளே இருக்கிறது. உப்பு அதிலும் பரவ வேண்டும், 100-ஐ 1650-ஆல் வகுத்தால் 6.1%. இந்த 750 தோராயம்தான். தோல் எவ்வளவு வடிந்தது, முந்தைய கழுவலின் நீர் டிரம்மில் எவ்வளவு தங்கியது என்பதைப் பொறுத்து அது ஆடும். அதனால்தான் மேஸ்திரி கணக்கை நம்பாமல் மிதவையை நம்புகிறார். அவர் செய்வது சரி. ஆற்காட்டில் மக்கன் பேடாவுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சுபவரும் இதே ஜாதி. விரல்களுக்கிடையே கம்பி இழுத்துப் பதம் பார்க்கிறார், அதுவும் செறிவு அளக்கும் கருவிதான். எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று தொடங்கினாலும், கடைசியில் அடுப்பை அணைக்கச் சொல்வது விரல்.

ஆனால் மிதவையை எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். டேனரிக்கு வரும் வணிகத் தர சல்ஃபியூரிக்கில் போமே போட்டுப் பார்த்து 66 இருக்கிறது, சரக்கு நல்லது என்று வாங்கி வைப்பவர்கள் உண்டு. 66 போமே என்றால் அடர்த்தி 1.835, அது 93% ஆசிட். 98%-க்கு 1.84. ஐந்து சதவீத வித்தியாசத்துக்கு மிதவை நகர்வது மயிரிழைதான், கொஞ்சம் சூடு ஏறினால் அதுவும் மறைந்துவிடும். நீர்த்த ஆசிட்டுக்குப் போமே நல்ல தராசு, அடர் சல்ஃபியூரிக்குக் குருடு. கொஞ்சம் நிறுத்து, நீரில் கலந்து, தரம் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

நார்மலா மோலாரா என்பதில் ஒரு வார்த்தை. மோலார் என்பது பாட்டிலின் குணம், எங்கே கொண்டுபோனாலும் மாறாது. நார்மல் என்பது பாட்டிலும் வேலையும் சேர்ந்த குணம். பிளஸ் டூவில் கையில் பழுப்புக் கறை ஏறும்வரை தரம் பார்த்த பர்மாங்கனேட்டை நினைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 3.16 கிராம் போட்டால் 0.02 மோலார். அமில ஊடகத்தில் அது ஐந்து எலக்ட்ரான் வாங்கும், 0.1 நார்மல். நடுநிலை ஊடகத்தில் மூன்றுதான் வாங்கும், அதே பாட்டில் 0.06 நார்மல். இதனால்தான் இப்போதைய கல்லூரிப் புத்தகங்கள் நார்மாலிட்டியை ஒதுக்கி வைக்கின்றன. டேனரியும் கழிவுநீர் லேபும் இன்னும் விடவில்லை, நீங்கள் இரண்டு பாஷையும் பேச வேண்டியிருக்கும். பாட்டில் சீட்டில் வெறும் ‘0.1’ என்று மட்டும் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரும் என்பதால். தோலைக் குரோம் உப்பில் பதனிட்ட பிறகு மிஞ்சும் பச்சை நீரில் 5 மில்லி எடுத்து, குரோமை ஆறு இணைதிறனுக்கு ஏற்றி, பொட்டாசியம் அயோடைடு போட்டு, வெளிவரும் அயோடினை 0.1 நார்மல் தயோசல்ஃபேட்டால் தரம் பார்ப்பீர்கள். ஒரு மில்லி தயோவுக்கு 2.533 மி.கி. குரோமிக் ஆக்சைடு. 6 மில்லி ஓடினால் 15.2 மி.கி., அது 5 மில்லியில் இருப்பது, லிட்டருக்கு 3.04 கிராம். இங்கே நிறுத்தி ஒரு கேள்வி: ஆக்சைடா, குரோமியமா? டேனரி ஆக்சைடில் பேசும். பேசிக் குரோம் சல்ஃபேட் பொடியில் 25% என்பார்களே, அதுவும் ஆக்சைடுதான். 8% பொடி போட்டால் தோல் எடையில் 2% ஆக்சைடு என்பது அப்படித்தான் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டுக் கணக்கோ குரோமியத்தில். 152-க்கு 104 என்ற விகிதத்தில் இறக்கினால் 3.04 கிராம் ஆக்சைடு என்பது 2.08 கிராம் குரோமியம்.

வெளியே விடும் நீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். உங்கள் பச்சை நீரில் 2 கிராம். இரண்டுமே ‘2’, நடுவே ஆயிரம் மடங்கு. உப்பும் அப்படித்தான், ஆறு போமே பிக்கிள் நீரில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல், அதாவது 60,000 மில்லிகிராமுக்கு மேல் கரைந்திருக்கிறது. கரைந்த திடப்பொருளின் வரம்பு 2100. பாலாற்றங்கரையில் கிணறுகள் கரித்த கதையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அறிக்கைக்குப் போகும் மாதிரியை அங்கீகாரம் பெற்ற லேப்தான் பார்க்க வேண்டும், நாம் உள்ளே பார்ப்பது வேலையைச் சரிசெய்துகொள்ள மட்டும். ஆனாலும் உள்ளே பார்க்கும்போதே ‘மி.’ என்ற அந்த எழுத்தை விட்டுவிடாமல் எழுதிப் பழகுங்கள்.

நாளைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 3 மில்லி எடுத்துக் கரைசலைத் தயாரித்து, கார்பனேட்டில் மூன்று முறை தரம் பாருங்கள், மூன்றும் 0.1 மில்லிக்குள் ஒத்துவரட்டும். பாட்டில் சீட்டில் சல்ஃபியூரிக் ஆசிட், வந்த நார்மாலிட்டி, தேதி, அன்றைய சூடு, உங்கள் கையெழுத்து. சீனியரிடம் அவர் சொன்ன 2.7 சரி என்று சொல்லிவிடுங்கள், கூடவே அந்த ஆசிட் பாட்டில் எப்போது திறந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் நோட்டைப் புரட்டி, அந்த 5 என்பது 5.0-ஆ 5.4-ஆ என்று இங்கே கீழே எழுதுங்கள். 5.4 என்றால் சமான எடையை முதலிலிருந்து இன்னொரு முறை பேச வேண்டும்.